சுயம்புக்கனியின் தலைவலிக்கு வந்தவர்கள்

தூத்துக்குடிக்குத் தெற்கே, தார் ரோடு முடிந்து உப்புப் பாத்திகள் தொடங்குகிற இடத்தில், கடலுக்கும் எங்களுக்கும் நடுவே உடைமரங்களைத் தவிர வேறொன்றும் இல்லாத எங்கள் காலனியில், பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த சுயம்புக்கனி கையிலிருந்த பலகையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, வெயில் மண்டைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது என்று சொன்னாள். உப்பளத்தில் வெயிலைப் பற்றிப் புலம்பாதவர் யார். கீழே உப்பு வெள்ளை, மேலே வானம் வெள்ளை, நடுவில் நிற்கிற எங்களுக்குக் கண் என்று ஒன்று மிச்சமிருப்பதே பெரிது. அதனால் நாங்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளுடைய அக்கா பேச்சிக்கனிதான் அடுத்த பாத்தியிலிருந்து வந்து, முந்தானையால் தங்கையின் முகத்தை மூடி, குருட்டுப் பெண்ணைக் கூட்டிப்போவதுபோல் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

பேச்சிக்கனிக்கு நாற்பது வயதாகப் போகிறது, சுயம்புவுக்கு இருபத்தாறு. அப்பனும் ஆத்தாளும் ஒரே வருஷத்தில் போன பிறகு தங்கையை வளர்த்ததே பேச்சிக்கனிதான். அந்த வளர்ப்பில் தனக்கொரு கல்யாணம் என்பதை மறந்தவள் அவள். இப்போதும் வேலை முடிந்து வந்தால் ஒரே வட்டிலில் சோற்றைப் பிசைந்து, அரைத்தூக்கத்தில் இருக்கிற தங்கைக்கு உருட்டி உருட்டி வாயில் கொடுப்பாள். அன்றைக்குக் கொடுத்த சோறு அப்படியே வெளியே வந்தது. சுயம்புவால் கழுத்தை வளைக்க முடியவில்லை. ஓட்டு இடுக்கு வழியாக விழுந்த காசளவு வெளிச்சத்துக்கே அவள் கத்தினாள். மறுநாள் காலையில் உப்பு லாரியில் படுக்கவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே டாக்டர் ஜெசிந்தா என்று ஒரு அம்மா இருந்தார்கள். சுயம்புவை ஒருக்களித்துச் சுருட்டிப் படுக்கவைத்து, முதுகெலும்பின் இடுக்கில் ஊசி செலுத்தி, மூளையைச் சுற்றி ஓடுகிற நீரில் சில சொட்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மத்தியானம் பேச்சிக்கனியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்கள்.

"மூளைக்கு மேல ஒரு சவ்வு உண்டும்மா. அதுல வைரஸ் இறங்கியிருக்கு. கிருமிக்குக் குடுக்குற மருந்து எதுவும் இதுக்குக் கேக்காது. உடம்பே ஆள் கூப்பிட்டு அனுப்பிச்சாத்தான் உண்டு."

"கூப்பிடுமாம்மா?"

"கூப்பிட்டாச்சு. வெள்ளணு அஞ்சுக்கு மேல இருக்கக் கூடாத தண்ணியில முன்னூத்திப் பன்னெண்டு எண்ணியிருக்காங்க."

அந்த நேரத்தில் வாசல் காவலாளி உள்ளே வந்து, சுயம்பு படுத்திருந்த ஒன்பதாம் கட்டிலுக்குப் பார்வையாளர்கள் வந்திருக்கிறார்கள், எல்லாரும் வெள்ளை உடுத்தியிருக்கிறார்கள், முன்னூற்றுப் பன்னிரண்டு பேர், தன்னிடம் இரண்டு பேருக்குத்தான் சீட்டு இருக்கிறது, என்ன செய்ய என்று கேட்டான். டாக்டரம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல் என்றார்கள். அவர்கள் செருப்பு போட்டிருக்கவில்லை.

ஆஸ்பத்திரி இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் அவர்களைத் தாங்கியது. மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்கள் படியில் நடக்க வழியில்லை என்று சண்டைக்கு வந்தார்கள், ஆனால் இவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கூட்டம் என்பது அப்படித்தான், காரணம் கேட்கப்படாமலே பெருகுவது. மூன்றாம் நாள் காலையில் டாக்டரம்மா சுயம்புவை வீட்டுக்கே அனுப்பினார்கள், இருட்டறையில் படுக்கவைக்கச் சொன்னார்கள். மாத்திரைகளுக்கு நடுவே ஒரு சின்ன உறையைத் தனியாக எடுத்துப் பேச்சிக்கனியின் கையில் வைத்தார்கள்.

"இத மட்டும் நானாச் சொன்னாத்தான் குடுக்கணும். இது கூப்பிடுற சத்தத்த அமத்திரும். சத்தம் நின்னா வந்தவங்களும் நின்னுருவாங்க. நோய் நிக்காது. விளங்குதா?"

விளங்குகிறது என்று பேச்சிக்கனி தலையாட்டினாள்.

லாரிக்குப் பின்னால் அவர்கள் நடந்தே வந்தார்கள். உச்சி வெயிலில் பாத்தி வரப்புகள் வழியாக, உப்பே எழுந்து நடந்து வருவதுபோல் வந்தார்கள். முதலில் வந்தவர்கள் முரடர்கள். மூன்று நான்கு கொண்டையாகத் தலைமுடியை முடிந்திருந்தார்கள். வந்த வேகத்தில் பேச்சிக்கனியின் ஒற்றை அறை வீட்டுக்குள் புகுந்து, பானையை உடைத்தார்கள், பாயைக் கிழித்தார்கள், சுவரைச் சுரண்டித் தின்றார்கள், சுயம்பு படுத்திருந்த கட்டிலைச் சுற்றி மூச்சு முட்ட நின்றார்கள். அவர்கள் நெருங்க நெருங்க அவளுக்குத் தலைவலி கூடியது. காப்பாற்ற வந்தவர்களின் நெரிசலே அவளை அழுத்துகிறது என்று பேச்சிக்கனிக்குத் தெரிந்தது, ஆனால் யாரைப் போகச் சொல்வது. உள்ளே புகுந்துவிட்டால் அவர்களுக்கு ஆயுசு ஒரு நாள்தான். மறுநாள் காலையில் வீட்டுக்குள்ளும் வாசலிலும் முடுக்கிலும் செத்துக் கிடந்தார்கள். வெயில் ஏறியதும் மஞ்சளாக இளகி ஓடினார்கள். நாங்கள் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய், விளையாத பாத்தியில் குழி வெட்டி அவர்களைத் தள்ளினோம். நாற்றம் இருந்தது. இருந்தாலும் அன்றைக்கு வேலைக்கு யாரும் தாமதமாகப் போகவில்லை.

அடுத்து வந்தவர்கள் வேறு மாதிரி. சின்ன உடம்பு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய உருண்டைத் தலை, மெதுவான நடை. அவர்கள் எதையும் உடைக்கவில்லை. ஒவ்வொருவராக எங்கள் முன்னால் வந்து நின்று, முகத்தை முகத்துக்கு நேராக வைத்து, நாங்கள் பத்து எண்ணுகிற நேரம் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். முதல் நாள் குழந்தைகள் பயந்து அழுதன. இரண்டாம் நாள் பழகிவிட்டது. ரேஷன் கடையில் விரல் வைப்பதுபோல நாங்களும் வரிசையில் நின்று முகம் காட்டிவிட்டு வேலைக்குப் போனோம். கங்காணி அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு காலை மணியைக் கால் மணி நேரம் முன்னதாக அடித்தார். முகம் காட்டும்போது குங்குமத்தைச் சரிசெய்துகொள்கிற பெண்களும் இருந்தார்கள்.

தினமும் உச்சிப் பொழுதில் சுயம்புவுக்குக் காய்ச்சல் ஏறும். ஏறும்போது அவள் கூப்பிடுவாள். வாயால் அல்ல, வாய் மூடித்தான் இருக்கும். காதாலும் அது கேட்காது. பாத்தியில் நிற்கிற எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பல் கூசும், பின்கழுத்து முடி நிற்கும், அவ்வளவுதான். அந்தக் கூப்பாடு வந்ததும் உருண்டைத் தலையர்கள் கண்ணை மூடித் திறப்பார்கள்.

தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிற தங்கப்பழத்தின் முகத்தைப் பார்த்த ஒருவன், பத்து எண்ணியும் நகரவில்லை, நூறு எண்ணியும் நகரவில்லை. தங்கப்பழம் தனிக்கட்டை, ஐம்பது வயது, எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறவர். "என்னய்யா, மூஞ்சியில எழுதியா இருக்கு" என்று அவனிடம் கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் காலையில் பார்த்தால், நகராமல் நின்ற அந்த ஒருவனின் முகத்தோடு ஐம்பது பேர் இருந்தார்கள், அதே மூக்கு, அதே இமை, அதே வாய். மற்ற முகங்கள் எல்லாம் கூட்டத்திலிருந்து கழன்று போயிருந்தன. ஐம்பது பேரும் தொட்டியடிக்குப் போய் நின்றார்கள். உச்சியில் எங்களுக்குப் பல் கூசியது. ஒருவன் கை நீட்டித் தங்கப்பழத்தின் தோளைத் தொட்டான்.

அவர் சத்தம் போடவில்லை. தண்ணீர் குடிக்கக் குனிகிறவர்போலக் குனிந்தார். தலை மார்புக்குள் போனது, கைகள் வயிற்றோடு ஒட்டின, கால்கள் மேலேறின. துவைத்துக் காய்ந்த வேட்டியை நான்காக, எட்டாக மடிப்பதுபோல் தன்னைத் தானே மடித்துக்கொண்டு, ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல், தொட்டி விளிம்பில் ஒரு சின்னப் பொட்டலமாக இருந்தார். தகரப் பெட்டி ஒன்றில் வைத்து அவரைப் புதைத்தோம். தூக்க ஒரு ஆள் போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் யோசித்துப் பார்த்தோம். சுயம்பு படுப்பதற்கு முந்தைய வாரம் தங்கப்பழத்துக்கு வயிறு கலக்கிக் காய்ச்சல் அடித்தது. இரண்டே நாளில் எழுந்துவிட்டார். பேச்சிக்கனிக்கும் அடித்தது; அவளும் எழுந்துவிட்டாள். பேச்சிக்கனியின் பக்கத்து வீட்டு மாடத்தியின் மகள், மூன்று வயது தன்ஷிகாவுக்கும் அடித்தது. அதுவும் எழுந்து விளையாடிக்கொண்டிருந்தது. எழுந்தவர்களின் உடம்பை விட்டு நோய் போகவில்லை, சத்தம் காட்டாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது, அதைத்தான் இவர்கள் முகத்தில் வாசிக்கிறார்கள். அன்று சாயங்காலம் ஐம்பது பேரில் பாதி மாடத்தியின் வாசலிலும் பாதி பேச்சிக்கனியின் வாசலிலுமாகப் போய் நின்றார்கள். தங்கைக்கு நோயைக் கொடுத்தது தன்னுடைய கை என்று பேச்சிக்கனி அப்போது தெரிந்துகொண்டாள். வட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு மாடத்தி சொன்னாள்.

மாடத்தி கொல்லைப்புறம் வழியாக வந்தாள். அவளுக்குப் பின்னால் நாங்களும் வந்தோம், கையில் கஞ்சித் தூக்கு, கருப்பட்டி, ஒரு சீப்பு வாழைப்பழம். வெறுங்கையோடு கேட்கிற காரியம் இல்லை அது.

"யக்கா, ஒங்கிட்ட ஒண்ணு கேக்க வந்தேன்" என்றாள் மாடத்தி.

"தெரியும், உக்காரு."

"நாளைக்கு உச்சிக்கு அவ கூப்பிட்டான்னா எம்புள்ளயத் தொட்டுருவாவ."

"அவ வேணும்னா கூப்பிடுதா? தன்னால வருது மாடத்தி."

"டாக்டரம்மா மாத்திர குடுத்துருக்காவளாமே. சத்தத்த அமத்துறது."

உள்ளே இருட்டில் சுயம்பு முனகினாள்.

"ஒரு நாள் குடுத்தாப் போதும். நான் பஸ் ஏறி எங்கம்மா ஊருக்குப் போயிருதேன். அதுக்கப்புறம் நீ நிப்பாட்டிக்கோ. அவ பெரிய மனுஷிக்கா, தாங்குவா. இது பச்சப்புள்ள."

பேச்சிக்கனி எங்களைப் பார்த்தாள். நாங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் எதிர்பார்த்தாளோ, அதை ஒருவரும் சொல்லவில்லை. எங்களில் ஒருவர், "ஒனக்கும் அது நல்லதுதான் பேச்சி, ஒன் வாசல்லயும் நிக்காவல்லா" என்றார். அதைச் சொன்னவர் யார் என்பதில் இப்போது எங்களுக்குள் ஒற்றுமை இல்லை.

காலையில் அவள் உறையைப் பிரித்தாள். தங்கையின் தலையை மடியில் வைத்து, ஒரு மாத்திரை கொடுத்து, சற்றுப் பொறுத்து இன்னொன்றும் கொடுத்தாள். சுயம்பு கண்ணைத் திறக்காமல், "கசக்குதுக்கா" என்றாள். அன்றைக்கு உச்சிப் பொழுது வந்தது, போனது. எங்களுக்குப் பல் கூசவில்லை. வாசல்களில் நின்ற உருண்டைத் தலையர்கள் எதையோ மறந்துவிட்டவர்கள்போல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கலைந்துபோய்ப் பாத்தி வரப்புகளில் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள். மூன்று மணி பஸ்ஸில் மாடத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேற்கே போனாள். அன்று சாயங்காலம் காலனியில் பல நாளுக்குப் பிறகு டிவி ஓடியது, ஒரு வீட்டில் மீன் பொரித்தார்கள், நாங்கள் நன்றாகத் தூங்கினோம். இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகும்.

சுயம்புவுக்குக் காய்ச்சல் இறங்கியது. முதலில் பேச்சிக்கனிக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் தங்கையின் தலைமாட்டில் அவள் கைதவறித் தண்ணீர்ச் செம்பைப் போட்டபோது, தெருக்கோடி வரை கேட்ட சத்தத்துக்குச் சுயம்புவின் இமைகூட அசையவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டாள். காதோரம் குனிந்து கூப்பிட்டாள். தோளை உலுக்கியதும் கண் திறந்த சுயம்பு, யாரோ அயலூர்க்காரியைப் பார்ப்பதுபோல் அக்காவைப் பார்த்தாள். பேச்சிக்கனி கங்காணி வீட்டுக்கு ஓடி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அந்த உறையப் பிரிச்சீங்களா?"

"பிரிச்சேன்."

"இப்ப ஆம்புலன்ஸ் அனுப்புறேன். ஆனா அவ சத்தம் திரும்பி வர நாலு நாளாகும். அவகிட்ட நாலு நாள் இல்லம்மா."

"வேற யாரும் கூப்பிட்டா வருவாவளா?"

"யாரு கூப்பிட்டாலும் வர மாட்டாங்க. அந்த நோய் உள்ள இருக்கிற உடம்பு கூப்பிட்டா வருவாங்க."

பேச்சிக்கனி போனை வைத்துவிட்டு நேராகப் பாத்திக்கு வந்தாள். மணி பதினொன்றரை இருக்கும். முக்காட்டை அவிழ்த்துப் போட்டாள், செருப்பைக் கழற்றினாள், உப்பு விளைந்து நிற்கிற பாத்திக்குள் இறங்கி, வெள்ளைக்கும் வெள்ளைக்கும் நடுவில் முகத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். அவள் என்ன செய்கிறாள் என்று எங்களுக்குப் புரிய நேரமாகவில்லை. போய் இழுத்து வரலாம் என்று தோன்றியது, அவள் சாகட்டும் என்று தோன்றியது, அவள் கூப்பிட்டுவிடக் கூடாது என்று தோன்றியது, கூப்பிட வேண்டும் என்றும் தோன்றியது. இத்தனையும் தோன்றிய நாங்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றோம். அவள் முகம் செம்பு நிறமானது. உதடு வெடித்தது. கால் மடங்கவில்லை. பல நாள் தன் உடம்புக்குள் சத்தமில்லாமல் குடியிருந்ததை அவள் வெயிலால் எழுப்பிக்கொண்டிருந்தாள். சூரியன் உச்சிக்கு வந்த நேரத்தில் எங்கள் எல்லாருக்கும் பல் கூசியது, தங்கையினுடையதைவிடப் பலமாக, ஈறு வரை, தாடை எலும்பு வரை.

வரப்புகளில் உட்கார்ந்திருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். எழுந்தார்கள். அவளை நோக்கி வந்தார்கள். அவள் திரும்பி நடந்தாள், விழுந்தாள், எழுந்து நடந்தாள். அவர்கள் பின்னால் வந்தார்கள். தன் வீட்டுக் கதவைத் திறந்து, இருட்டுக்குள் தங்கையின் கட்டிலைக் காட்டிவிட்டு, முதலில் வந்தவனிடம் தன் வலது கையை நீட்டினாள். அவன் தொட்டான். விரல்கள் உள்ளங்கைக்குள் மடிந்தன, உள்ளங்கை மணிக்கட்டுக்குள் மடிந்தது, மணிக்கட்டு முழங்கைக்குள் மடிந்தது. அதோடு நின்றது. மற்றவர்கள் அவளைத் தாண்டி உள்ளே போய்த் தங்கையின் கட்டிலைச் சூழ்ந்து நின்றார்கள். நோய் அவளிடம் கையளவுதான் இருந்தது, தங்கப்பழத்திடம் உடம்பு முழுக்க இருந்திருக்கும் என்று பிறகு நாங்கள் பேசிக்கொண்டோம். பேசிக்கொள்ள வேறு சமாதானம் எங்களுக்கு இல்லை.

ஆம்புலன்ஸ் வந்தபோது சுயம்பு கழுத்தை மெதுவாகத் திருப்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தண்ணீர் கேட்டாள். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். காது மட்டும் திரும்பவில்லை. அக்காவின் கை எங்கே என்று அவள் கேட்டதற்கு நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம், அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. எழுதிக் காட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

ஐம்பது பேரில் ஒவ்வொருவராகச் செத்தார்கள், அதே குழியில் அவர்களையும் போட்டோம். மூன்று பேர் மட்டும் சாகவில்லை. அவர்களுக்குத் தங்கப்பழத்தின் காலி வீட்டைக் கொடுத்தோம். பாத்தியில் இறங்கிப் பலகை பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள், நன்றாகவே வாரினார்கள், சம்பளம் கேட்காததால் கங்காணிக்கு அவர்களை ரொம்பப் பிடித்தது. விடிந்ததும் ஒவ்வொரு வாசலாக வந்து முகம் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். நாங்களும் காட்டினோம். பேச்சிக்கனி மட்டும் முகத்தைக் காட்டும்போது கண்ணை மூடிக்கொள்வாள்.

சித்திரை பிறந்து நான்காம் நாள், கங்காணியின் போனுக்கு மாடத்தி கூப்பிட்டாள். கங்காணி போனைப் பாத்திக்கே கொண்டுவந்து பேச்சிக்கனியின் இடது கையில் கொடுத்தார்.

"யக்கா, புள்ளைக்குத் தலவலி" என்றாள் மாடத்தி. குரல் தணிந்து, வார்த்தை வார்த்தையாக வந்தது. "வெளிச்சத்தப் பாக்க மாட்டேங்கா. கழுத்து வளைய மாட்டேங்கு."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போனியா?"

"ஆஸ்பத்திரியிலருந்துதான் பேசுதேன். முதுகுல ஊசி போட்டு எடுத்துப் பாத்துட்டாவ. நோய் இருக்காம். வெள்ளணு ஒண்ணுகூட வரலயாம். இவ கூப்பிடவே மாட்டேங்காளாம். வாசல்ல ஒருத்தருமில்லக்கா, நானும் போய்ப் போய்ப் பாக்கேன், வாட்ச்மேன் மட்டும் உக்காந்துருக்கான்."

பேச்சிக்கனி போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"நீ கூப்பிட்டா வருவாவல்லா. ஒரு தடவ கூப்பிடுக்கா. நான் ஒன்ன என்ன கேட்டேன்னு எனக்குத் தெரியும். அத மனசுல வைக்காத."

"எங்கிட்ட இப்ப அது இல்ல மாடத்தி. கையோட போச்சு. எத வச்சுக் கூப்பிட?"

போனில் அழுகை கேட்கவில்லை, ஆஸ்பத்திரியின் இரைச்சல்தான் கேட்டது, யாரோ யாருடைய பேரையோ அழைத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சிக்கனி நிமிர்ந்தாள். எங்களுக்குப் பல் கூசவில்லை, எதுவுமே கேட்கவில்லை, ஆனால் பாத்தியின் அந்தக் கோடியில் உப்பு வாரிக்கொண்டிருந்த மூன்று பேரும் பலகையைக் கீழே வைத்துவிட்டு மேற்கே திரும்பி நின்றார்கள். பிறகு வரப்பில் ஏறினார்கள். தார் ரோட்டை நோக்கி நடந்தார்கள். ஒரு நாளும் நாங்கள் கண்டிராத வேகத்தில், ஏற்கெனவே வழி தெரிந்தவர்களைப்போல நடந்தார்கள்.

"மாடத்தி" என்றாள் பேச்சிக்கனி. "இங்கருந்து மூணு பேரு கிளம்பிட்டாவ."

"புள்ளயக் காப்பாத்தவா, தொடவா?"

"தெரியல."

"அக்கா."

"தெரியலட்டி. நானும் அவங்க பின்னாலயே வாறேன்." பேச்சிக்கனி வரப்பில் ஏறிவிட்டாள், நடந்துகொண்டே பேசினாள், மடிந்த கை முந்தானைக்குள் இருந்தது. "நீ வார்டுக் கதவ மட்டும் தொறந்து வைக்கச் சொல்லு."